கோடு நெளியாமல்

உடற்கல்விக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்த இசக்கியம்மாளுக்கு உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் உடம்பே ஆடும். பேராசிரியர் தில்லைநாயகம் வகுப்பிலோ கொசு கடித்தால்கூடச் சொறியக் கூடாது.

செய்முறைத் தேர்வன்று அவர் ஆய்வகத்துப் பலகையைக் காட்டினார். ஏறி நிற்பவரின் அசைவையெல்லாம் திரையில் கோடாக வரைகிற பலகை அது.

"ஒரு நிமிஷம் கோடு நெளியாம நில்லு. நெளிஞ்சா ஃபெயில்!"

"எப்படி நிக்கணும்னு ஒரு தடவை காட்டுங்க சார்" என்றாள் அவள், காலை ஆட்டிக்கொண்டே.

முப்பது மாணவர்கள் பார்க்கும்போது மறுக்க முடியுமா? சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினார். மூச்சைக்கூட அடக்கிப் பார்த்தார். கோடு மண்புழுவாக நெளிந்தது.

"மெஷின் ரிப்பேர்!" என்று கத்தினார்.

"செக் பண்ணிடலாம் சார்." இசக்கியம்மாள் ஓடிப்போய், பாடம் நடத்த வைத்திருந்த எலும்புக்கூட்டை ஸ்டாண்டோடு தூக்கிவந்து பலகையில் நிறுத்தினாள். ஒரு நிமிஷம் முழுக்கக் கோடு நேராக ஓடியது.

"மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு. இவருக்கு நூறு போட்டுடுங்க. உயிரோட இருக்கிற நாம ரெண்டு பேரும் ஃபெயில்."