மடித்த இலை

நெல்லிக்கோட்டை அரசர் வில்லவராயனுக்கு அந்த வருஷம் எதிரிகள் யாரும் இல்லை. அதனால் அவருடைய கவனம் சமையல்மீது திரும்பியது.

கப்பலில் சரக்கு வந்து இறங்கியது. சீனத்து அன்னாசிப்பூ, சாவகத்து ஜாதிபத்திரி, பாரசீகத்துக் குங்குமப்பூ, எந்த தேசத்தது என்றே தெரியாத ஒரு காய்ந்த நீள இலை. வரவழைத்தவர் அமைச்சர் அருமைநாயகம்.

"எல்லாவற்றையும் போட்டு நெய்ச்சோறு ஆக்கு. சாப்பிட்ட இலையில் ஒரு துண்டு வீணானாலும் சமைத்தவன் வலது கை போய்விடும்" என்றார் அரசர்.

சமையற்காரன் நல்லமுத்து கைகூப்பினான். "மகாராஜா, இதெல்லாம் வாசனைக்குப் போடுவது. சாப்பிடும்போது ஒதுக்கிவிட வேண்டும்."

"கொல்லைக் கறிவேப்பிலை என்று நினைத்துவிட்டான், பாவம்" என்று அமைச்சர் சிரித்தார்.

விருந்து நடந்தது. சபையே மரத்தை மென்றுகொண்டிருந்தது. தளபதிக்குப் பல் ஆடியது. அமைச்சர் கண்ணில் நீர் வழிய, "அமிர்தம்!" என்றார்.

அரசர் இலையை மடித்தார். அடுத்த கணமே எல்லா இலைகளும் மடிந்தன. வழக்கத்தைவிடச் சற்று வேகமாகவே மடிந்தன.

வாய்த்துடுக்குக்குப் பேர்போன ஏகாம்பரத்தின் இலை மட்டும் விரிந்தே கிடந்தது. அதன் ஓரத்தில் அன்னாசிப்பூவும் ஜாதிபத்திரியும் அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

"ஏகாம்பரம்! உன்னால் அவன் கை போகப் போகிறது. தெரியுமா?" அரசர் கர்ஜித்தார்.

நல்லமுத்து வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"தெரியும், மகாராஜா. ஆனால் இவனுக்கு இருப்பது ஒரே வலது கை. மற்ற இலைகளையும் பிரித்துப் பார்த்து, ஒரேயடியாகத் தீர்ப்புச் சொல்லிவிடலாமே. பந்தி மரியாதைப்படி முதல் இலையிலிருந்து தொடங்கட்டுமா?"

முதல் இலை அரசருடையது. அவர் சட்டென்று அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். அழுத்தியதுதான் தவறு. இலையைக் கிழித்துக்கொண்டு, விரல் இடுக்கில் அன்னாசிப்பூவின் ஒரு முனை எட்டிப் பார்த்தது.

ஆட்சேபம் சொல்ல வேண்டிய அமைச்சரோ எல்லாவற்றையும் உண்மையாகவே விழுங்கியிருந்தார். அவரால் பேச முடியவில்லை.

அரசர் அந்த முனையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நல்லமுத்து, அந்தக் கையாலேயே நாளைக்குக் கறிவேப்பிலை போட்டு ரசம் வை. ஏகாம்பரம், உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்!"

"பெரிதாக ஒன்றும் வேண்டாம், மகாராஜா. என் இலையையும் மடித்துக்கொள்ள உத்தரவு கொடுங்கள்."