குறுங்குளம் ஜமீனின் ஈரல் துண்டு

இக்கதையை 1974ஆம் ஆண்டு ஆவணியில், ஆட்டு வியாபாரி சுடலையாண்டி சொல்லக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

குறுங்குளம் ஜமீனில் வேட்டைநாய்களைப் பழக்கியவள் சடைச்சி. ஆட்டு ஈரலை அவித்து, கருவாட்டுப் பொடியில் புரட்டித் தணலில் வாட்டி, புளியங்கொட்டை அளவில் நறுக்கி மடியில் வைத்திருப்பாள். சொன்னதைச் செய்யும் நாய்க்கு உடனே ஒரு துண்டு கிடைக்கும். ஜமீன்தாருக்கு இது பொறுக்கவில்லை. விருந்தினர் நிறைந்த சபைக்கு அவளையும் ஒரு நாயையும் வரவழைத்தார்.

"தீனிக்குப் பணியிறது ஈனப்புத்தி, சடைச்சி. என் நாய் என் குரலுக்கே உக்காரணும். உக்காரலைன்னா அதைச் சுட்டுருவேன். நீயும் ஊரைவிட்டுப் போயிரணும்."

நாயைப் பார்த்து, "உக்காரு" என்று பலமுறை அதட்டினார். அது கொட்டாவி விட்டது. துப்பாக்கி வந்தது.

"சுடுங்க சாமி. அதுக்கு முன்னால என் தீனியில என்ன குத்தம்னு தின்னு பாத்துச் சொல்லுங்க. உங்க அடுப்படி ஈரல்தான்" என்றாள் சடைச்சி.

எல்லோரும் பார்த்திருக்க மறுக்க இயலாமல், நின்றபடியே ஒரு துண்டை மென்றார். முகம் மலர்ந்தது, கை தானாக நீண்டது.

"இன்னொண்ணு குடு."

"உக்காருங்க சாமி, தாரேன்."

ஜமீன்தார் உட்கார்ந்தார்.

"நாய்க்கு உக்காரப் பழக ஒரு வாரம் ஆச்சு. சாமிக்கு ஒரு துண்டே போதும்" என்றாள் அவள். சபை சிரித்தது; துப்பாக்கி உள்ளே போயிற்று.

சுடலையாண்டி இவ்வளவில் முடித்தார். வடகரைக்காரர்கள் சொல்லும் கதையிலோ சடைச்சி அன்றே துரத்தப்படுகிறாள். ஜமீன் நாய்கள் அத்தனையும் அவள் பின்னே போகின்றன. ஜமீன்தார் குரல் கொடுத்துக்கொண்டே நிற்கிறார்.