கம்பம் நட வந்தவர்கள்

"நாலு ஆள்... நாலு... மூன்று... மூன்று..."

ஓர் ஆணின் குரல். கடல் பக்கமிருந்து காற்று அதைத் தூக்கி வந்து ஊருக்குள் போட்டது. கொஞ்சம் பொறுத்து "இரண்டு" என்றது. பிறகு அது எதையும் சொல்லவில்லை.

அதைக் கேட்டபோது சேந்தனுக்கு ஏழு வயது. இப்போது ஐம்பத்திரண்டு, புன்னைத்துறைக்குத் தலைவன். ஆனாலும் மனம் குழம்பும்போதெல்லாம் அந்தக் குரல்தான் முதலில் வந்து நிற்கும். அது யாருடையது என்று அவன் ஒருவரிடமும் கேட்டதில்லை.

அன்று விடிந்ததிலிருந்து அது காதை விட்டுப் போகவில்லை.

தானே படகு வலித்துக்கொண்டு முகத்துவாரத்து மணல்திட்டுக்குப் போனான். அங்கே தத்தை அம்மை இருந்தாள். துறவி. நான்கு கால், ஒரு விட்டம், மேலே ஓலை, அவ்வளவுதான் அவள் குடிசை. சேந்தனைவிட ஐந்தாறு வயது மூத்தவள்.

"அம்மையே, இரண்டு அரசர்கள் என்மேல் அன்பாக இருக்கிறார்கள்."

"ஐயோ பாவம்," என்றாள்.

"சிரிக்காதீர்கள். எங்கள் உப்பு மொத்தத்தையும் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார் வடக்கு அரசர். கொள்ளையர் பக்கம் வராமல் காவல் தருகிறேன் என்கிறார் தீவரசர். போன மாதம் வடக்கு அரசர் ஒரு குதிரை அனுப்பினார். தீவரசர் உடனே இரண்டு அனுப்பினார். எங்கள் ஊரில் குதிரை ஏறத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை."

"குதிரைகள் என்ன செய்கின்றன?"

"கருவாட்டு வாடைக்குத் தும்மிக்கொண்டு நிற்கின்றன."

"பதிலுக்கு என்ன கேட்கிறார்கள்?"

"ஒன்றும் கேட்கவில்லை." சேந்தன் காலால் மணலைக் கிளறினான். "கம்பம் மட்டும்."

அம்மை அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த முகத்துவாரத்தில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. கப்பல் போகும் ஆழம் இன்று இங்கே இருக்கும். ஒரு புயல் அடித்தால் அங்கே போய்விடும். அதனால் எந்தக் கப்பலும் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். ஊரிலிருந்து கழிக்காரன் சிறு படகில் போவான். நீண்ட கழியால் தரையைத் தொட்டு, எத்தனை ஆள் ஆழம் என்று கூவிக்கொண்டே முன்னால் வருவான். கப்பல் அவன் பின்னால் வரும். அரசன் கப்பலானாலும் அதுதான் முறை.

நீர்வழியின் இருபுறமும் கம்பம் நட்டுவிட்டால் காத்திருக்க வேண்டாம். கேட்கவும் வேண்டாம்.

"வடக்கின் கம்பம் சிவப்பு. தீவின் கம்பம் வெள்ளை. இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். யார் கம்பம் நிற்கிறதோ அவருக்கு இது வீட்டு வாசல் மாதிரி ஆகிவிடும். மற்றவருக்கு நாங்கள் பகை. யாருக்குச் சரி என்று சொல்வது?"

அம்மை குடிசையின் ஒரு காலைத் தட்டினாள்.

"இதைப் பிடி."

"எதற்கு?"

"குடிசையை மாற்ற வேண்டும்."

"அம்மையே, நான் ஊரையே தலையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்."

"அதை அந்தக் கல்மேல் இறக்கி வை. காற்றுக்குப் போகாது."

அவன் பிடித்தான். இருவருமாகக் கயிறுகளை அவிழ்த்தார்கள். ஓலையைச் சுருட்டினார்கள். வெயில் முதுகில் ஏறியது.

"போன மாதம் வந்தபோது இங்கேதானே புதிதாக நட்டீர்கள்?"

"போன மாதம் இங்கே மேடு இருந்தது."

பார்த்தான். முந்தைய மேட்டை ஓதம் அரித்துவிட்டிருந்தது. நூறடி தள்ளி வேறொரு மேடு எழுந்திருந்தது. குடிசைக் கால்களைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே நடந்தான். மூச்சு வாங்கியது.

"எனக்கு இன்னொரு யோசனையும் உண்டு," என்றான் மெதுவாக.

"சொல்."

"இருவரும் நடட்டும். ஐப்பசி மழைக்கு நீர்வழி நகரும். கம்பம் அங்கேயே நிற்கும். கம்பத்தை நம்பி வருகிற கப்பல்..." நிறுத்தினான். "எங்கள் அப்பா அப்படித்தான் செய்தாராம். அம்பு விடாமல் ஒரு படைக்கப்பலைத் தின்ற துறை என்று ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அப்பா போன பிறகும் அவர் புத்திதான் ஊரைக் காக்கிறது என்கிறார்கள். எனக்கு அந்தப் புத்தி இருக்கிறதா என்று தெரியவில்லை. இருக்க வேண்டுமா என்றும் தெரியவில்லை."

"விட்டத்தை எடுத்து வா," என்றாள் அம்மை.

எடுத்தான். இத்தனை வருடம் அந்தக் குடிசைக்குள் உட்கார்ந்து எழுந்திருக்கிறான். விட்டத்தை உற்றுப் பார்த்ததில்லை. மூங்கில் அல்ல. கனமான மரம். உப்பில் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. ஒரு முனை கூராகச் சீவப்பட்டிருந்தது. ஆங்காங்கே பூச்சின் செதில் ஒட்டியிருந்தது. சிவப்பா வெள்ளையா என்று சொல்ல முடியவில்லை.

"இது கம்பம்," என்றான்.

"ஆமாம். மணல் தோண்டியபோது கிடைத்தது. காய்ந்த மேட்டுக்கு நடுவில் புதைந்து நின்றது."

"யார் நட்டது?"

"உன் அப்பா ஒரு அரசருக்குச் சரி என்றார். அந்த அரசரின் ஆட்கள் வந்து நட்டார்கள். மேளம் வைத்தார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள்."

"பிறகு?"

"பிறகு மழை வந்தது. பிறகு பஞ்சம் வந்தது. உன் அப்பா அதே அரசரிடம் நெல் கேட்டு ஆள் அனுப்பினார்."

சேந்தன் கம்பத்தைத் தோளிலிருந்து இறக்கினான்.

"அது படைக்கப்பல்," என்றான்.

"நெல் கப்பல். மூன்று நாள் கரையெல்லாம் நெல் ஒதுங்கியது. உப்பு நெல். அலசிக் காய வைத்துத் தின்றோம். நீயும் தின்றிருப்பாய்."

அவன் வாயில் ஏதோ கரித்தது.

"அப்பா கழிக்காரனை அனுப்பவில்லையா?"

"அனுப்பினார். வழி நகர்ந்தது அவருக்கும் தெரியும். அழுதுகொண்டே அனுப்பினார். என் அண்ணன் எயினன் போனான். கப்பல்காரர்கள் மேலிருந்து குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். எங்களுக்குக் கம்பம் இருக்கிறது, நீ வீட்டுக்குப் போ என்றார்கள்."

"போனாரா?"

"இல்லை. கூடவே படகை வலித்துக்கொண்டு ஆழம் சொன்னான்."

நாலு. நாலு. மூன்று.

சேந்தன் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போது இரண்டு படகுகள் திட்டில் வந்து முட்டின. ஒன்றில் சிவப்புக் கம்பம் கிடந்தது. மற்றதில் வெள்ளை. தலைவன் இங்கே வந்திருப்பது எப்படியோ இரு தூதர்களுக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர் இறங்குவதற்குள் மற்றவர் இறங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருவருமே முழங்கால்வரை நனைந்தார்கள்.

"தலைவரே, குடிசை தூக்கும் வேலையில் எப்போது சேர்ந்தீர்கள்?" என்றார் வடக்குத் தூதர்.

"ஆள் போதவில்லை என்றால் எங்கள் அரசரிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாற்பது பேரை அனுப்பியிருப்போம்," என்றார் தீவுத் தூதர்.

"நாங்கள் எண்பது."

"அம்மைக்குக் கல்லிலேயே மடம் கட்டித் தருவோம்."

"நாங்கள் இரண்டு மாடி."

"மணல் தாங்காது," என்றாள் அம்மை.

இருவரும் சேந்தனைப் பார்த்தார்கள். அவன் எழுந்தான். எதைச் சொல்லப் போகிறோம் என்று வாயைத் திறக்கும்வரை அவனுக்கே தெரியாது.

"கம்பம் வேண்டாம். கழிக்காரன் வருவான்."

"யாருக்கு?" என்று இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்டன.

"வெளியே நங்கூரம் போட்டு நிற்பவருக்கு."

வடக்குத் தூதர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "உப்பு மலைபோல் குவிந்து கிடக்கிறது, தலைவரே. மழைக்குக் கரைந்துவிடுமே என்று கவலையாக இருக்கிறது."

தீவுத் தூதருக்கும் கவலை இருந்தது. "கொள்ளையர் வரும் பருவம் வேறு."

"குதிரைகள்?" என்று கேட்டான் சேந்தன்.

"எங்கள் இரண்டையும் நாளைக்கே அனுப்பிவிடுங்கள்," என்றார் தீவுத் தூதர்.

"எங்களுடையதை இன்றைக்கே."

படகுகள் திரும்பின. வரும்போது போட்டி போட்டு வந்தவை போகும்போது பக்கம் பக்கமாகப் போயின. தூதர்கள் தலையைச் சாய்த்து ஏதோ பேசிக்கொண்டு போனார்கள். அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசி அவன் அதுவரை பார்த்ததில்லை.

"நான் சொன்னது சரியா, அம்மையே?"

"அந்தக் கயிற்றை இறுக்கு."

இறுக்கினான். கம்பத்தை விட்டமாக ஏற்றினார்கள். ஓலையைப் பரப்பினார்கள். புதிய இடத்தில் அதே குடிசை நின்றது. எவ்வளவு நாளைக்கு என்று அவன் கேட்கவில்லை.

கிளம்பியவன் படகில் ஒரு காலும் மணலில் ஒரு காலுமாக நின்றான்.

"அந்த நெல் கப்பல் யாருடையது? வடக்கா, தீவா? வடக்கர்கள் தீவுக் கப்பல் என்கிறார்கள். தீவுக்காரர்கள் வடக்குக் கப்பல் என்கிறார்கள். அப்பா கடைசிவரை வாயே திறக்கவில்லை. உங்கள் அண்ணனுக்காவது தெரிந்திருக்குமே?"

"யார் கப்பல் என்று அவன் கேட்கவில்லை," என்றாள்.

அந்தக் கப்பல் உடைந்த நான்காம் நாள் எயினனின் படகு கரையொதுங்கியது. கழி அதில் இருந்தது. அவன் கிடைக்கவில்லை.