சப்ஜா விதையிடம் தண்ணீர் தங்கிய கதை

அந்தக் காலத்தில், செடிகொடியும் தண்ணீரும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கடலோர உப்பளம் ஒன்றில் செல்லக்கனியும் அவள் புருஷன் உச்சிமாகாளியும் உப்பு வாரிப் பிழைத்தார்கள். கல்யாணமாகி, தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட இன்னும் மங்கவில்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் உச்சிமாகாளி பாத்தியிலேயே சுருண்டு விழுந்தான். செல்லக்கனி அவனைக் கைத்தாங்கலாகக் குடிசைக்குக் கொண்டுவந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. கொடுத்த தண்ணீரையெல்லாம் உடனே வாந்தியெடுத்தான்.

“நாக்கு வறளுது கனி. ஆனா ஒரு மடக்குகூட உள்ள நிக்க மாட்டேங்கு” என்று முனகினான்.

“பேசாமப் படுங்க. குளுந்த தண்ணியா கொண்டாரேன்.”

கிணற்றுக்கு ஓடினாள். கயிற்றை இழுக்க இழுக்கக் கண்ணீர் கொட்டியது. அங்கே ஒரு திருநீற்றுப்பச்சிலைச் செடி நின்றது. இலையெல்லாம் உதிர்ந்து, காய்ந்த கதிரில் கறுப்பு சப்ஜா விதைகளை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.

“ஏந்தாயி அழுதே?” என்று கேட்டது.

அவள் நடந்ததைச் சொன்னாள். அடுத்த மழை வரைக்கும் தான் இருக்கப்போவதில்லை என்று செடிக்குத் தெரியும். அந்த விதைகளைத் தவிர அதற்கு வேறு எதுவும் இல்லை.

“கையை நீட்டு” என்று கதிரை உலுக்கியது. “எம் பிள்ளைக. உடம்புச் சூட்டைத் தணிப்பாக. கொஞ்சத்தை மட்டும் மண்ணுக்கு மிச்சம் வையி.”

“வைக்கேன். நான் பெத்த பிள்ளையா வளர்க்கேன்” என்றாள் செல்லக்கனி.

மண்ணுக்கென்று கொஞ்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, இறைத்த தண்ணீரோடு ஓடிவந்தாள். வந்த பதற்றத்தில் ஒரு சிட்டிகையை அப்படியே அவன் வாயில் போட்டுவிட்டாள். வறண்ட தொண்டையில் விதை ஒட்டிக்கொண்டது. அவன் கண் பிதுங்க இருமினான். அவள் அவன் முதுகைத் தட்டினாள்.

“அக்கா, எங்களைத் தண்ணியில விடு” என்று உள்ளங்கையில் இருந்த விதைகள் கத்தின.

தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றி விதைகளை விட்டாள். தண்ணீர் சலசலத்தது. “நான் ஓடிக்கிட்டே இருக்கிறவ. இதுவரை யார்கிட்டயும் தங்கினதில்ல.”

“நீ ஓடிட்டா இந்த அக்கா தனியாயிருவா” என்றன விதைகள். “எங்களோட இரு. நாங்க கட்டிப்பிடிச்சுக்கிடுதோம்.”

தண்ணீரை அதுவரை யாரும் கட்டிப்பிடித்ததில்லை. அது சலசலப்பை நிறுத்தியது. ஒவ்வொரு விதையும் தண்ணீரைத் தன்மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு, வெள்ளையாய், வழவழவென்று உப்பியது.

செல்லக்கனி அதில் கருப்பட்டித் தூளைக் கரைத்து, விரலால் வழித்து வழித்து ஊட்டினாள். நோகாமல் வழுக்கி இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். அவன் வாந்தியெடுக்கவில்லை. வெயில் சாய்ந்தபோது உடம்பில் கொதிப்பு அடங்கியிருந்தது.

“வயிறு குளுந்துட்டு கனி” என்றான். அவள் அவன் நெஞ்சில் முகம் புதைத்து அழுதாள்.

மறுநாள் அவள் கிணற்றடிக்குப் போனபோது செடி சாய்ந்து கிடந்தது. அதன் வேரடியிலேயே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

அன்று முதல்தான் சப்ஜா விதையை யாரும் வெறுமனே வாயில் போடுவதில்லை. பாலிலோ மோரிலோ நன்னாரி சர்பத்திலோ ஊறவிட்டுக் காத்திருக்கிறார்கள். யாரிடமும் தங்காத தண்ணீர், அந்தச் சின்ன விதையைத் தொட்டதும் நின்றுவிடுகிறது.