தவளைகளின் சம்மதம்

மருதிக்கு வயது நாற்பது. அவளிடம் பாட்டுக் கற்க வந்த நஞ்சிக்கு ஐம்பது. ஆனாலும் முறைக்கு மருதிதான் அத்தை.

மலை ஊற்றுக்குப் பெண்கள் மட்டும் கூடிப் போகும் நாள் அது. ஊற்றிடம் கேட்டுவிட்டுத்தான் அந்த வருடக் கிழங்கைத் தோண்டலாம். கேட்பவள் கையில் மூங்கில் கோல் இருக்கும். இத்தனை காலம் மருதி பிடித்த கோலை அன்று முதல் தடவையாக நஞ்சி பிடித்திருந்தாள். சரியாகச் செய்தால் கோல் அவளுக்கு. இல்லாவிட்டால் மருதியிடமே திரும்பிவிடும்.

"அத்தே, பாட்டெல்லாம் படிச்சிட்டேன். வருசா வருசம் நீங்க தலையாட்டுனதும் நாங்க தோண்டுனோம். ஊத்து சரின்னு சொன்னது மட்டும் எப்படித் தெரியும்?"

"போனாத் தெரியும்."

அத்தையின் பதில்கள் எப்போதும் இப்படித்தான் பாதியில் நிற்கும். நஞ்சிக்கு எரிச்சலாகவும் இருந்தது, மீதியைத் தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருந்தது.

முப்பது பெண்கள் கூடையும் சிரிப்புமாக ஊற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நஞ்சி கோலை ஊன்றி, ஒரு சொல் பிசகாமல் பாடி முடித்தாள். ஒருத்திகூடக் கூடையைத் தொடவில்லை. காதில் விழவில்லையோ என்று இன்னும் உரக்கப் பாடினாள். அப்போதும் யாரும் அசையவில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது.

"எங்க தப்பு விட்டேன் அத்தே?"

"பாட்டுல தப்பில்ல. நாம வர்றதுக்கு முந்தி இங்க யாரு பாடிட்டிருந்தா?"

நஞ்சி யோசித்தாள். மேடு ஏறும்போதே காதில் விழுந்ததுதான்.

"தவளைங்க."

"இப்ப?"

ஊற்றில் சத்தமே இல்லை. நஞ்சி உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"அதுங்க மறுபடி பாடுனாத்தான் சம்மதமா?"

"ஆமா. உச்சி வெயில் வரைக்கும் பாக்கலாம்."

"பாடலைன்னா?"

மருதி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

வெயில் உச்சிக்கு வந்தது. ஒரு தவளையும் வாய் திறக்கவில்லை. கோல் கைவிட்டுப் போகிறது என்று நஞ்சிக்குத் தெரிந்தது. ஆனாலும் எழுந்தாள்.

"கூடைய எடுங்க. இன்னிக்கு இல்ல."

"அடுப்புல என்னத்த வைக்கிறது?" என்றாள் ஒருத்தி.

"தெரியல. ஆனா இன்னிக்கு இல்ல."

பாதி இறக்கத்தில் நின்று, கோலை மருதியிடம் நீட்டினாள்.

மருதி கை நீட்டவில்லை.

"பாட்டு முப்பது பேருக்கும் தெரியும், மருமகளே. நீ முன்னால நட."