முப்பத்தோரு நாயும் தபாலம்மாவும்

ஒரு ஊர்ல ஒரு தபால்காரி இருந்தாளாம். ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல, வெறும் தபால்காரி. காலை என் மேல போடாத, கனமா இருக்கு. அத்தை சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும், சரியா?

"ம்."

அவ பேரு குணவதி. மெட்ராஸ்ல முப்பது வருஷம் தெருத் தெருவா தபால் குடுத்தவ. தபால்காரங்களைக் கண்டா நாய்க்கு ஆகாது, தெரியுமில்ல? காக்கிச் சட்டையைப் பார்த்தாலே வள் வள்ளுனு மேல விழும். ஆனா இவளைப் பார்த்தா மட்டும் வாலை ஆட்டிக்கிட்டுப் பின்னாடியே வரும். ஏன்னா இவ பைக்குள்ள லெட்டருக்கு அடியில பொறை ரொட்டி இருக்கும். நாய்க்கு ஒண்ணு, கணக்கா. கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் பண்ணிக்கல. யாராவது கேட்டா, "எனக்குத் தெருவுக்கு நாலு பிள்ளைங்க இருக்கு"ம்பா.

அப்புறம் அவளுக்கு வயசாச்சு, வேலை முடிஞ்சுது. அவ இருந்த ஃப்ளாட்ல, "கீழ நாய்க்குச் சோறு வைக்கக் கூடாது"ன்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. இவ கிழிச்சா. அவங்க திரும்ப ஒட்டினாங்க. இவ திரும்பக் கிழிச்சா. ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்து பார்க்கறா, தெருவுல ஒரு நாய் இல்ல. யாரோ வண்டி வச்சு அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க கொண்டு போனீங்கன்னு கேட்டா, யாருக்கும் எதுவும் தெரியாதாம். வாய் கூசாம சொன்னாங்க. ரெண்டு வாரம் பிஸ்கட் பாக்கெட்டும் கையுமா ஊரெல்லாம் தேடினா. ஒண்ணுகூடக் கிடைக்கல. அப்புறம் அந்த வீட்டுல அவளுக்குச் சோறு இறங்கல. மூட்டையைக் கட்டிட்டா.

"ம்."

கடலோரமா ஆலிக்குப்பம்னு ஒரு ஊரு. மீன் பிடிக்கிறவங்க ஊரு. அங்க கடைசியில ஒரு ஓட்டு வீட்டை வாங்கிக் குடி வந்தா. முதல் மாசம் அந்த ஊரு அவளுக்கு ஒட்டவே இல்ல. உப்புக் காத்துல பூட்டு துருப்பிடிச்சுப் போயி சாவி திரும்பல. சோத்துல நறநறன்னு மணல். அலைச் சத்தத்துல தூக்கமும் இல்ல. ஜனங்க, "யாரோ மெட்ராஸ் அம்மா"ன்னு தள்ளித் தள்ளியே போனாங்க.

ஆனா நாய்ங்களுக்கு மெட்ராஸ் என்ன, மதுரை என்ன? அவ அலுமினியக் குண்டான்ல சோத்தையும் மீன் தலையையும் சேர்த்து வேக வைப்பா. மூடியைக் கரண்டியால தட்டுவா. டங்! டங்! டங்! எங்கெங்கிருந்தோ ஓடி வரும். மொத்தம் முப்பத்தோரு நாய். ஒவ்வொண்ணுக்கும் பேரு வச்சா. அவளுக்குத் தெரிஞ்ச பேரு என்ன? தபால் ஆபீஸ் பேருதான். வேகமா ஓடறது தந்தி. குண்டா இருக்கறது பார்சல். மாசத்துக்கு ஒரு தடவை தலையைக் காட்டறது மணியார்டர். சிரிக்காத, நிஜமாத்தான்! அதுல புக்போஸ்ட்னு ஒரு கிழட்டுப் பொட்ட நாய். எல்லாத்துக்கும் கடைசியா, மெதுவாத்தான் வந்து சேரும். யாரோ எப்பவோ அது மேல சுடு தண்ணி ஊத்தியிருக்காங்க, முதுகுல பாதி முடி இல்ல. மனுஷ வாடைன்னாலே எட்டி நிக்கும். குணவதி விடல. தினமும் பத்தடி தள்ளித் தனியா ஒரு உருண்டை வைப்பா. அப்புறம் எட்டடி. அப்புறம் நாலடி. ஒரு வருஷம் ஆச்சு. ஒரு நாள் சாயங்காலம் புக்போஸ்ட் தானா வந்து அவ மடியில தலையை வச்சுது. குணவதி அசையாம உட்கார்ந்தா. கால் மரத்துப் போச்சு, அப்பவும் எழுந்துக்கல. அன்னிக்குத்தான் இது என் வீடுன்னு அவளுக்குத் தோணுச்சாம்.

"ம்... அப்புறம்?"

அப்புறம்தான் கெட்ட காலம் வந்துது. மெயின் ரோட்டுப் பக்கமிருந்து ஒரு வெறி நாய் வந்துது. வாயெல்லாம் எச்சில் ஒழுக, தள்ளாடிக்கிட்டே ஊருக்குள்ள வந்து, அஞ்சலைன்னு மீன் விக்கறவ ஒருத்தி, அவளோட நாலு வயசுப் பொண்ணு வெண்ணிலாவைக் கையில கடிச்சிடுச்சு. படகுத் துடுப்பாலயே அதை அடிச்சுப் போட்டாங்க. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க.

"செத்துப் போச்சா பாப்பா?"

இல்லடா கண்ணு. உடனே சோப்பு போட்டுக் கழுவி, உடனே ஊசி போட்டாங்க. பிழைச்சுக்கிச்சு. ஆனா ஊரே கொதிச்சுப் போச்சு. கொதிக்காதா பின்ன? பெத்தவங்க வயிறு எரியுமில்ல? சாயங்காலம் ஊர்க்கூட்டம் போட்டாங்க. ஊர்த் தலைவரு தெய்வசிகாமணி. அவரு நிதானமான மனுஷன்தான். அவரே சொன்னாரு: "அது வேற எதெதைக் கடிச்சுதோ தெரியல. எல்லா நாய்க்கும் விஷ மருந்து வச்சிட வேண்டியதுதான்."

குணவதி எழுந்தா. கூட்டத்துக்கு நடுவுல போயி நின்னா. "ஐயா, எல்லா நாய்க்கும் தடுப்பூசி போட்டுட்டா வெறி வராதுய்யா. நான் போட வைக்கிறேன்."

"சோறு போட்டுப் போட்டு நாயை எல்லாம் பெருக்கி வச்சதே நீங்கதானேம்மா?"ன்னு ஒருத்தன் கத்தினான்.

அவன் சொன்னதுல பாதி நிஜம். அவ சோறு போட்டாளே தவிர, ஊசி போடணும்னு அவளுக்கு ஒரு நாளும் தோணல. அந்தத் தப்பு அவ நெஞ்சுல முள்ளாக் குத்துச்சு. கை கூப்பிக்கிட்டு நின்னா. தெய்வசிகாமணி அவளையே பார்த்தாரு. "மூணு நாள். ஊசி போட்ட நாய்க்கு முதுகுல சிவப்புச் சாயம் பூசிடுங்க. நாலாம் நாள் காலையில சாயம் இல்லாத நாய் எதுவும் உசுரோட இருக்காது."

முப்பத்தோரு நாய், மூணு நாள்.

"ம்."

முதல் நாள். மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா ஐஸ் பெட்டியில ஊசி மருந்தோட ஸ்கூட்டர்ல வந்தா. குணவதி மூடியைத் தட்டினா. டங்! டங்! டங்! நாய்ங்க வந்துது. இவ தடவிக் குடுக்க, டாக்டரம்மா அதுங்க உடம்புல எங்கயாவது கடி இருக்கான்னு பார்த்துட்டு, பின்னாடியிருந்து சுருக்குனு ஊசியைப் போட, நல்லாத்தான் போயிட்டிருந்துது. பதினோரு நாய்க்குப் போட்டாச்சு. அப்போ பார்சல் இருக்கே, குண்டன், பயந்தாங்கொள்ளி, அது போட்டுது பாரு ஒரு கத்தல். வாள்ள்ள்! அவ்வளவுதான். மிச்சம் இருபதும் குபீர்னு சவுக்குத் தோப்புக்குள்ள ஓடிப் போச்சு.

ரெண்டாம் நாள். டாக்டரம்மா டவுன்லயிருந்து நாய் பிடிக்கிற ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வந்தா. வண்டி கடகடகடன்னு வர்ற சத்தம் ஊருக்கு முன்னாடியே கேட்டுடுச்சு. நாயெல்லாம் உஷார். தந்தியை அந்த ஆளுங்க பிடிக்கிறதாவது! துரத்தித் துரத்தி, மணல்ல விழுந்து எழுந்து, பொழுது சாயறதுக்குள்ள அஞ்சுதான் பிடிச்சாங்க. மிச்சம் எத்தனை? பதினஞ்சு. தந்தி பாக்கி, மணியார்டர் பாக்கி, புக்போஸ்ட் பாக்கி.

அந்த ஆளுங்க போனப்புறம் குணவதி தனியா வாசல்ல உட்கார்ந்திருந்தா. அப்போ அந்தப் பதினஞ்சும் ஒண்ணு ஒண்ணா அவகிட்டயே வந்துது. ஊசி போட்டவ டாக்டரம்மா, துரத்தினவன் வண்டிக்காரன், இவ நம்ம ஆளுன்னு அதுங்களுக்கு நினைப்பு. அவ காலடியில படுத்துக்கிச்சு.

மறுநாள் காலையில டாக்டரம்மா வந்து ஒண்ணு கேட்டா. "அம்மா, இனிமே ஒரே வழிதான். மணல்ல வலையை விரிச்சு வைப்போம். நடுவுல நீங்க உட்கார்ந்து கூப்பிடுங்க. எல்லாம் வந்ததும் நீங்க கையைத் தூக்கினா, நாலு பக்கமும் ஆளுங்க வலையை இழுத்துடுவாங்க."

குணவதி முடியாதுன்னுட்டா. "என்னை நம்பி வர்ற உசுருங்கம்மா. நானே கூப்பிட்டு நானே பிடிச்சுக் குடுக்கணுமா? அதுக்கப்புறம் ஒண்ணாவது என் மூஞ்சியில முழிக்குமா?"

அப்போ வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். அஞ்சலை. இடுப்புல வெண்ணிலா, பிள்ளை கையில கட்டு. இந்த ரெண்டு நாளா குணவதி வீட்டுப் பக்கமே திரும்பாதவ, அன்னிக்கு வந்து நின்னா. திட்டப் போறாளோன்னு குணவதி தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"தபாலம்மா, இன்னைக்கு என் பொண்ணுக்கு ரெண்டாவது ஊசி. முதல் ஊசிக்கு யாரு பிடிச்சா தெரியுமா? நர்சு பிடிச்சா, அவளைக் கடிச்சு வச்சுடுச்சு. அவங்கப்பன் பிடிக்க மாட்டேன்னு வெளிய ஓடிட்டான். நான்தான் காலையும் கையையும் அமுக்கிப் பிடிச்சேன். என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு அம்மா அம்மான்னு கத்துச்சு. அன்னையிலிருந்து என்கிட்டப் பேசல. சோறு ஊட்டினா வாயை மூடிக்குது. இன்னும் மூணு தடவை பிடிக்கணும். பிடிக்காம விட்டுடவா? சொல்லுங்க."

குணவதி பிள்ளையைப் பார்த்தா. பிள்ளை அம்மாவைப் பார்க்காம அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்துது. குணவதி உள்ள போயி, உலையை வச்சா.

"ம்..."

அன்னிக்குக் காத்து பலமா இருந்ததால ஒரு படகும் கடலுக்குப் போகல. ஆம்பளைங்க எல்லாம் ஊர்லதான். தெய்வசிகாமணியே ஒரு பழைய வலையைக் கொண்டு வந்து, மணல்ல விரிச்சு, மேல லேசா மணலைத் தூவி மறைச்சாரு. நாலு மூலையிலயும் கயிறு. படகுங்களுக்குப் பின்னாடி ஆளுங்க மூச்சுக் காட்டாம உட்கார்ந்தாங்க. நடுவுல குணவதி, குண்டானோட.

டங்! டங்! டங்!

தந்தி முதல்ல வந்துது. அப்புறம் மணியார்டர். அப்புறம் நாலு, அப்புறம் அஞ்சு. சளக் சளக்னு சாப்பிடுதுங்க. அவ எண்ணினா. பதினாலு. புக்போஸ்டைக் காணோம்.

சோறு குறைஞ்சுக்கிட்டே வருது. படகுக்குப் பின்னாடியிருந்து ஒருத்தன், "தூக்குங்கம்மா கையை"ன்னு கிசுகிசுத்தான். அவ தூக்கல. பதினாலும் பிழைச்சுக்கும், கிழடு ஒண்ணு போனாப் போகுதுன்னு உனக்கும் எனக்கும் தோணும். அவளுக்குத் தோணல. எது விட்டுப் போகுதோ அதுக்கு நாளைக்கு மருந்து. அவ மெதுவா, கொஞ்சற குரல்ல கூப்பிட்டா. "வாடி... என் தங்கம்... வாடி." கூப்பிடும்போதே கண்ணுல தண்ணி கொட்டுது, ஆனா குரல்ல காட்டிக்கல. காட்டினா அது வராது.

சவுக்குத் தோப்புலயிருந்து புக்போஸ்ட் எட்டிப் பார்த்துது. ஒரு அடி வச்சுது, நின்னுது. இன்னொரு அடி, நின்னுது. மணலை மோந்து பார்த்துது. அப்புறம் நேரா வந்து, சோத்துப் பக்கம்கூடப் போகாம, அவ மடியில தலையை வச்சுது.

அவ ஒரு கையால அது கண்ணைப் பொத்தினா. இன்னொரு கையைத் தூக்கினா.

சர்ர்ர்ர்! வலை எழும்பிச்சு. பதினஞ்சு நாயும், நடுவுல அவளும், ஒண்ணு மேல ஒண்ணு. ஒரே ஊளை, ஒரே உருளல். யாரு பல்லோ அவ முழங்கையில ஆழமா இறங்குச்சு. அவ புக்போஸ்டை விடல. "போடுங்கம்மா, சீக்கிரம் போடுங்க"ன்னு கத்தினா. டாக்டரம்மா வலை வழியாவே ஒவ்வொண்ணா உடம்பைப் பார்த்து, ஊசியைப் போட்டு, சாயத்தைப் பூசி, பதினஞ்சும் முடிஞ்சுது. வலையைத் தளர்த்தினாங்க. நாயெல்லாம் தெறிச்சு ஓடுச்சு. புக்போஸ்ட் மட்டும் கொஞ்ச தூரம் ஓடிப் போயி, நின்னு, திரும்பி அவளைப் பார்த்துது. அப்புறம் போயிடுச்சு.

குணவதி மணல்ல உட்கார்ந்து வாய்விட்டு அழுதா. அஞ்சலைதான் அவ கையைக் கழுவி, ஆட்டோவுல ஏத்தி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. ஒரே பெஞ்சுல வெண்ணிலாவுக்கும் ஊசி, இவளுக்கும் ஊசி.

நாலாம் நாள் காலையில தெய்வசிகாமணி ஊரைச் சுத்தி வந்து எண்ணினாரு. முப்பத்தோரு முதுகுலயும் சிவப்பு. சொன்ன சொல்லைக் காப்பாத்தினாரு. வாங்கி வச்சிருந்த மருந்தைப் பொட்டலத்தோட குழி தோண்டிப் புதைச்சாரு.

"அப்போ நாயெல்லாம் அவகிட்ட வந்துச்சா?"

வரல கண்ணு. அவ மூடியைத் தட்டினா, எல்லாம் எதிர்ப்பக்கமா ஓடுச்சு. அவ சோத்தை வச்சுட்டு உள்ள போயிக் கதவைச் சாத்திக்கணும். அப்புறம்தான் வந்து சாப்பிடும். ஊர் ஜனங்க இப்போ அவ வீட்டுக்கு வந்தாங்க, மீன் குடுத்தாங்க, லெட்டர் எழுதி வாங்கிக்கிட்டாங்க. அஞ்சலை தினமும் வந்தா. வாசல் நிறைய மனுஷங்க, ஆனா வாசப்படியில ஒரு நாய் இல்ல. அவ குறை சொல்லல. ஜன்னல் வழியா ஒவ்வொண்ணா எண்ணிப் பார்ப்பா. முப்பத்தொண்ணு. சரியா இருக்குன்னு போயிப் படுத்துக்குவா.

ஐப்பசி மழையில பார்சல் மட்டும் வாசல்ல ஒதுங்குச்சு. தை மாசம் தந்தி வந்துது. அவ திரும்பவும் பத்தடி, எட்டடி, நாலடின்னு ஆரம்பிச்சா. வைகாசியில, ஒரு வருஷம் முடியப் போற சமயத்துல, ஒரு நாள் சாயங்காலம் புக்போஸ்ட் வந்து அவ பக்கத்துல படுத்துது.

அந்த வாரமே டாக்டரம்மா போன் பண்ணினா. "அம்மா, ஊசி போட்டு ஒரு வருஷம் ஆகப் போகுது. திரும்பப் போடணும். உங்களால முடியலைன்னா, வேற யாரையாவது வலையில உட்கார வைக்கலாமா?"

குணவதி பக்கத்துல படுத்திருந்ததைப் பார்த்தா. "வேற யாரு கூப்பிட்டா வரும்?"னு சொல்லிட்டு, குண்டானைக் கழுவப் போனா.

அப்புறம் வருஷா வருஷம் அதேதான். பதினோரு மாசம் நாய்ங்க பயம் மறக்கறதுக்காகக் காத்துக்கிட்டிருப்பா. மறந்து கிட்ட வந்ததும், அவளே கூப்பிட்டு, அவளே கையைத் தூக்குவா. ஒரு வருஷம்கூட விடல. அந்த ஊர்ல அதுக்கப்புறம் எந்தப் பிள்ளையையும் வெறி நாய் கடிக்கல, எந்த நாய்க்கும் யாரும் மருந்து வைக்கல.

"அத்தை... அவ ஏன் பிடிக்கிறான்னு நாய்ங்களுக்குத் தெரியாதா?"

தெரியாதுடா. நாய்க்கு யாரு போயி எடுத்துச் சொல்றது?

"அப்போ அவ பாவம்."

பாவம்தான். அழுவா, கண்ணைத் துடைச்சுக்குவா, போயி முப்பத்தொண்ணையும் எண்ணுவா.

கதை கரை சேர்ந்துது, கண்ணு மூடித் தூங்கு.