ஒற்றைக் கொம்பு

செங்காட்டூர் அரசர் ஆதவேளின் தாத்தா நாட்டுச் சட்டம் முழுவதையும் ஒரே பாறையில் வெட்டிவைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். கடைசி வரி இது: "ஏழு ஊர்ச் சபைகளும் ஒரே மனதாகச் சொன்னாலன்றி இதில் ஓர் எழுத்தையும் மாற்றலாகாது." அந்த ஏழு ஊரும் திருவிழாவுக்குக்கூட ஒரே நாளைச் சொன்னதில்லை.

ஓர் ஐப்பசியில் பெருமழை. கோட்டைக்குள் தண்ணீர் கழுத்தளவு ஏறியது. காவற்காரன் ஒச்சன் கடப்பாரையால் மேற்கு மதிலை உடைத்தான். தண்ணீர் வடிந்தது. ஊர் பிழைத்தது. ஒச்சன் மாட்டிக்கொண்டான். பாறைச் சட்டப்படி, கோட்டையை உடைத்தவன் தலை இழப்பான்.

"வெள்ளத்துக்கு விலக்கு ஏதாவது?" அரசர் கேட்டார்.

"கிடையாது," என்றார் நியாயாதிகாரி கச்சிராயர், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. "எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படி. நாளைக் காலை தண்டனை."

"நீந்தியே தப்பிவிடலாம் என்று பெண்டாட்டி அப்போதே சொன்னாள்," என்று ஒச்சன் முனகினான்.

அவைப் புலவர் வெண்காடர் எழுந்தார். "ராயரே, பாறையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று?"

"எதற்குப் பார்க்க வேண்டும்? மனப்பாடம்!"

"ஒரு நடை போய்வருவோம்."

போனார்கள். பாறையில் இருந்தது பழைய எழுத்து. இரட்டைக் கொம்பு பிறகு வந்தது. அந்தக் காலத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒற்றைக் கொம்புதான்.

"இருக்கிறபடி படியுங்கள்," என்றார் வெண்காடர்.

கச்சிராயர் குனிந்தார். "கொட்..." நிறுத்தினார்.

"ம்?"

"கொட்டையை உடைத்தவன் தலை... அபத்தம்! அது கோட்டை ஐயா!"

"இன்னொரு கொம்பு போட்டால் கோட்டை. போடுவதற்கு ஏழு ஊரையும் கூப்பிட வேண்டும். அது கிடக்கட்டும், வாயில் என்ன?"

"கொட்டைப்பாக்கு."

"உடைத்தது?"

"நானேதான். பிறர் உடைத்தால் எனக்கு..." கச்சிராயரின் தாடை நின்றுவிட்டது.

அரசர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"வெட்டியவர் என்ன நினைத்து வெட்டினார் என்று பார்க்க வேண்டாமா, புலவரே?" ராயரின் குரல் இறங்கியிருந்தது.

"தாராளமாக. கோட்டை எதற்கு?"

"ஊரைக் காக்க."

"ஒச்சன் எதற்கு உடைத்தான்?"

கச்சிராயர் பாக்கைத் துப்பினார். "விடுதலை," என்றார்.

அரசர் தம் பட்டுச் சால்வையை வெண்காடருக்குப் போர்த்தினார். பிறகு மெல்ல ஓரமாக அழைத்துப்போனார்.

"'குளத்து நீர் குடிகளுக்கு, அரசனுக்கு இல்லை' என்று ஒரு வரி இருக்கிறதே. என் நந்தவனம் காய்கிறது. அதையும் கொஞ்சம் படித்துக் காட்டுங்களேன்."

"தடவியே பார்த்துவிட்டேன் அரசே. அந்த வரியில் ஒற்றைக் கொம்பே இல்லை. தாத்தாவுக்குக் குடும்பத்தை நன்றாகத் தெரிந்திருக்கிறது."